முன்நீரிழிவைப் பின்னுக்குத் தள்ளுவது எப்படி? மட்டக்களப்புச் சமையலறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

என் கணவரின் ஆய்வுகூடத் துண்டில் வெறுவயிற்றுச் சீனி 114 என்றும் எச்பிஏ1சி 6.2 என்றும் இருந்தது. துண்டைப் பார்த்தவர், "போடர்லைன்தான், சாப்பாட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நீரிழிவுக்கு முந்திய கட்டமான முன்நீரிழிவைத்தான் போடர்லைன் என்கிறார்கள். எந்தச் சாப்பாட்டை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேட்க எங்களுக்கும் அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தனிச்சமையல் தொடங்கினேன். அவருக்குக் குரக்கன் ரொட்டியும் அவித்த பாகற்காயும். எனக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கம்போல வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பால்கறி, அப்பளப் பொரியல். மூன்று கிழமைகூடத் தாங்கவில்லை. "என்னை மட்டும் ஏன் நோயாளியாக்கிறாய்?" என்று ஒருநாள் இரவு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார். அந்த வாரமே நானும் பரிசோதித்தேன். எனக்கு எச்பிஏ1சி 5.9. இருவரும் ஒரே சட்டியில்தானே இருபது வருடம் சாப்பிட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் புரிந்தது, ஒருவருடைய தட்டை மாற்றிப் பயனில்லை, வீட்டின் சட்டியையே மாற்றவேண்டும் என்று.

நான்கு மாதத்தில் அவருடைய எச்பிஏ1சி 5.6க்கு இறங்கியது. என்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம் என்பதைக் கல்லடியில் இருந்துகொண்டு எழுதுகிறேன். அம்பாறைப் பக்கம், காரைதீவிலோ சம்மாந்துறையிலோ இருப்பவர்களுக்கும் சமையல் ஏறக்குறைய இதுதான் என்பதால் பொருந்தும்.

முதலில் ஒரு முக்கியமான விசயம். ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணித் தாய்மார் இதை வாசித்துவிட்டுத் தாங்களாகச் சோற்றைக் குறைக்கவேண்டாம். சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக் டொக்டரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

படி 1: எண்ணைச் சரியாக வாசியுங்கள்

எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் எடுக்கும் வெறுவயிற்றுச் சீனி 100க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 100 முதல் 125 வரை முன்நீரிழிவு. 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு; ஆனால் அறிகுறி ஒன்றும் இல்லாதவருக்கு இன்னொரு தடவை பரிசோதித்துத்தான் உறுதிப்படுத்துவார்கள். இந்த எண்களெல்லாம் மில்லிகிராம் கணக்கு. சில துண்டுகளில் மில்லிமோல் கணக்கில் வரும். அப்போது 5.6 என்பது 100க்கும், 7.0 என்பது 126க்கும் சமன். உலக சுகாதார நிறுவனம் முன்நீரிழிவை 110இல் இருந்து கணக்கிடுகிறது. அதனால் சில ஆய்வுகூடத் துண்டுகளில் 110 வரை சாதாரணம் என்றே அச்சிட்டிருக்கும். 105 வந்தவர் அதைப் பார்த்து நிம்மதியாகி, எல்லாவற்றையும் மறந்துவிடுவார். அப்படி மறக்காதீர்கள்.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும். 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5இல் இருந்து நீரிழிவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். தலசீமியா போன்ற இரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பிழைக்கலாம். நம் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு என்பதால், எச்பிஏ1சியை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் வெறுவயிற்றுச் சீனியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் எடுக்கும் பரிசோதனையும் இருக்கிறது. அதில் 140 முதல் 199 வரை முன்நீரிழிவு.

காசு கொடுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளோடும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளோடும் சேர்ந்து சுகவாழ்வு நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர், உயரம், நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கும் உண்டு.

யார் கட்டாயம் பார்க்கவேண்டும்? தாய் தகப்பனுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ சீனி வருத்தம் உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், வயிறு முன்னுக்கு வந்தவர்கள், சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்கள். எல்லோருக்கும் முதலில் நான் சொல்ல விரும்புவது கர்ப்ப காலத்தில் சீனி கூடிய பெண்களைத்தான். பிள்ளை பிறந்ததும் "அது போயிட்டுது" என்று விட்டுவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு தடவையும், அதன்பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு தடவையும் பார்க்கவேண்டும்.

முன்நீரிழிவுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இராது. கடும் தாகம், அடிக்கடி சலம் போவது, காரணமில்லாமல் மெலிவது இவையெல்லாம் வந்துவிட்டால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு உடனே டொக்டரிடம் போங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

வயல் செய்பவர்களுக்கு இதைச் சொல்வது இலகு. இரத்தம் வாய்க்கால் என்று வையுங்கள். அதில் ஓடும் தண்ணீர்தான் சீனி. தசைகளும் ஈரலும் வரவைகள், அதாவது வரப்புக் கட்டிய வயல் துண்டுகள். இன்சுலின், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை மாதிரி, நேரம் பார்த்து வக்கடையை, அதாவது வரப்பில் தண்ணீர் பாயும் வாயைத் திறந்துவிடுகிறது. வரவையில் ஏற்கெனவே தண்ணீர் முட்டி நின்றால் வக்கடையைத் திறந்தாலும் வாய்க்கால் தண்ணீர் உள்ளே போகாது. ஈரலிலும் தசையிலும் கொழுப்பு ஏறினால் நடப்பதும் இதுதான். சீனி உள்ளே போகாமல் இரத்தத்திலேயே நிற்கிறது. கணையம் இன்னும் இன்சுலின், இன்னும் இன்சுலின் என்று அனுப்பிக் களைக்கிறது. முழுவதும் களைத்துப்போவதற்கு முந்திய கட்டம்தான் முன்நீரிழிவு.

ஆகவே வேலை இரண்டு. வாய்க்காலில் ஒரே நேரத்தில் வெள்ளம் பாயாமல் பார்க்கவேண்டும், அது சாப்பாடு. வரவையில் நிற்கும் தண்ணீரை வடியவிடவேண்டும், அது நடையும் நிறைக்குறைப்பும்.

இது பலிக்குமா என்று என் கணவரும் கேட்டார். அமெரிக்காவில் 3,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. நிறையில் 7 வீதம் குறைத்து, வாரத்தில் 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்தவர்களில் நீரிழிவுக்குப் போனவர்களின் எண்ணிக்கை 58 வீதம் குறைந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமின் மாத்திரை எடுத்தவர்களில் 31 வீதம்தான் குறைந்தது. நம்மைப் போலச் சோறு சாப்பிடும் ஆட்களுக்கு நெருக்கமானது சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு. மூன்று வருடத்தில், ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களில் 55 வீதமானோர் நீரிழிவுக்குப் போனார்கள். சாப்பாட்டையும் நடையையும் திருத்தியவர்களில் அது 39 வீதம். இத்தனைக்கும் அவர்களுக்கு நிறை பெரிதாகக் குறையவில்லை. எனக்கு நம்பிக்கை தந்தது அந்தச் செய்திதான். தராசு அசையவில்லை என்று மனம் விடத் தேவையில்லை.

படி 2: இடுப்பை அளந்து எழுதி வையுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் அளவுநாடா போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளவுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. நமக்குக் கை கால் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்திருக்கும் வாகு அதிகம். வெள்ளைக்காரருக்குப் போட்ட கணக்கில் பார்த்தால் நாம் மெலிந்தவர்களாகத் தெரிவோம். அதனால் உயரத்தோடு ஒப்பிட்டு நிறையைக் காட்டும் நிறைக்குறியீட்டிலும் (பிஎம்ஐ) நமக்கு 23இல் இருந்தே கவனம் தேவை. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 62 அல்லது 63 கிலோ.

இலக்கைப் பெரிதாக வைக்கவேண்டாம். என் கணவர் அப்போது 74 கிலோ. 7 வீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம். அதை ஆறு மாதத்துக்குப் பிரித்தோம்.

படி 3: சோறு

இதில்தான் நான் கூட நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் நம் ஊரில் விசயமே இங்கேதான் இருக்கிறது. பெரும்போகமும் சிறுபோகமும் விளையும் மண். "சோறு தின்றீங்களா?" என்றுதான் நலம் விசாரிக்கிறோம். வயலில் மண்வெட்டி பிடித்து, தலைச்சுமையாய்க் கதிர் சுமந்த காலத்தில் அந்தக் குவியல் சோறு உடம்புக்குத் தேவைப்பட்டது. இன்றைக்கு உழுவது உழவு இயந்திரம், வெட்டுவது அறுவடை இயந்திரம். தட்டில் சோறு மட்டும் அதே அளவில் இருக்கிறது.

ஒரு தேத்தண்ணிக் கப் நிறையச் சோற்றில் ஏறக்குறைய 40 முதல் 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. ஒருநாள் என் கணவர் வழக்கமாகப் போடும் சோற்றைக் கப்பால் அளந்து பார்த்தேன். மூன்றரைக் கப். நீங்களும் ஒருதரம் அளந்து பாருங்கள். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை, எங்கிருந்து தொடங்குகிறோம் என்று தெரிவதற்காக.

ஒரே நாளில் ஒரு கப்புக்கு இறக்காதீர்கள். அப்படி இறக்கினால் நான்கு மணிக்குப் பசித்து, மாலு பணிஸில் போய் முடியும். நாங்கள் வாரத்துக்கு அரைக் கப்பாகக் குறைத்து ஒன்றரைக் கப்பில் நிறுத்தினோம். குறைத்த இடத்தை வெறுமையாக விடவில்லை. தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன், முட்டை, பருப்பு அல்லது பயறு, மிச்சக் கால்வாசி சோறு. இப்போதும் வயலில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு இந்த ஒன்றரைக் கப் போதாது. அவர்கள் உழைப்புக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

சட்டியை மாற்றுவது என்று சொன்னேனே, அது இதுதான். முன்பு நான்கு பேருக்கு மூன்று சுண்டு அரிசி போட்டேன். இப்போது இரண்டு சுண்டுக்கும் குறைவு. முன்பு கீரைச் சுண்டல் ஒரு கட்டில் செய்து ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தேன். இப்போது மூன்று கட்டு. பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கை இலை, அகத்தி என்று நாளுக்கொன்று. சோறு குறைவாக வெந்திருந்தால் குறைவாகத்தான் சாப்பிடமுடியும். சட்டியில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்வது எந்த மனிதருக்கும் கடினம்.

அரிசியைப் பொறுத்தவரை, தவிடு போகாத சிவப்பரிசி நல்லது. நார்ச்சத்து கூட, சீனி கொஞ்சம் மெதுவாக ஏறும். அது கிடைக்காவிட்டால் புழுங்கலரிசி, வெள்ளைப் பச்சையரிசியைவிட மேல். ஆனாலும் சிவப்பரிசியும் அரிசிதான். "சிவப்பரிசிதானே" என்று நான்கு கப் போட்டால் பயனில்லை.

சாப்பிடும் வரிசையையும் மாற்றினோம். முதலில் சுண்டலும் மரக்கறியும், கூடவே மீன் துண்டு. பாதி முடிந்தபிறகு சோறு. இப்படிச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். செலவே இல்லாத மாற்றம் இது.

ஒரே தட்டில் சோறு, உருளைக்கிழங்குக் கறி, அப்பளம், பின்னால் வாழைப்பழம் என்று மாச்சத்தின்மேல் மாச்சத்து சேர்க்காதீர்கள். மரவள்ளியும் வத்தாளங்கிழங்கும் நல்ல சாப்பாடுதான். அவித்த கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடும் நேரத்தில் சோறு வேண்டாம், அவ்வளவுதான்.

மீன் விசயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். சூடை, கீரி போன்ற சின்ன மீன்கள் விலையும் குறைவு, சத்தும் கூட. பொரிப்பதைக் கிழமைக்கு ஒருநாளாக்கி, மற்ற நாட்களில் குழம்பு, புளியாணம் என்று வையுங்கள். தேங்காய்ப்பால் சீனியை ஏற்றாது, ஆனால் நிறையை ஏற்றும். ஒரு நேரச் சாப்பாட்டில் ஒரு பால்கறி போதும்.

படி 4: தேத்தண்ணி

அடுத்த வாரமே இதைத் தொடங்குங்கள். நாளைக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி குவித்துச் சீனி என்றால் ஏறக்குறைய 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆளுக்கு நாள் முழுவதற்கும் நல்லது என்று சொல்வது ஏறக்குறைய 25 கிராமுக்குள். தேத்தண்ணியிலேயே இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறோம்.

வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். முதல் நான்கு நாள் கசக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். எங்கள் வீட்டில் இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றுமில்லாமல் ஆக ஐந்து கிழமை எடுத்தது. சக்கரை, பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் எல்லாம் உடம்புக்குள் போனால் சீனிதான். டின்பாலில் பாதிக்குக் கிட்டச் சீனி என்பதையும் மறக்காதீர்கள்.

போத்தல் குளிர்பானங்களில் 2016இல் இருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனி அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. கடையில் எடுக்கும்போது அதைப் பாருங்கள். சிவப்பை வைத்துவிடுங்கள். பழச்சாறும் அப்படித்தான். கொய்யாவையோ பப்பாளித் துண்டையோ கடித்துச் சாப்பிட்டால் நாரோடு போகும். அடித்துக் குடித்தால் சீனித்தண்ணீர் போல ஏறும். வெயிலுக்கு இளநீர் எப்போதாவது குடிக்கலாம், தாகத்துக்குத் தண்ணீர்தான்.

படி 5: காலையும் இரவும்

இரவில் பத்துப் பன்னிரண்டு இடியப்பமும் சொதியும் என்பது பல வீடுகளின் வழக்கம். வெள்ளை மாவில் செய்த இடியப்பம் சீனியை வேகமாக ஏற்றும். சிவப்பரிசி மாவில் நான்கு அல்லது ஐந்து, கூடவே பருப்புக்கறி, முட்டை, ஒரு மரக்கறி என்று வைத்தால் அதே இடியப்பம் பிரச்சினையில்லை. புட்டுக்கும் இதுவே கணக்கு. ஒரு பிடி புட்டோடு வாழைப்பழமும் சீனியும் பிசைந்து சாப்பிட்ட பழக்கத்தை விட்டு, மீன்குழம்புக்கும் கத்தரிக்காய்க் கறிக்கும் மாறினோம்.

குரக்கனைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்கிறார்கள். அதிலும் மாச்சத்து நிறைய உண்டு. நுணுக்கமாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சீனி ஏறத்தான் செய்யும். தேங்காய்ப்பூ கூடப் போட்ட ரொட்டியாகச் சுட்டுச் சம்பலோடும் கறியோடும் அளவாகச் சாப்பிடுங்கள்.

காலைக்கு எங்கள் வீட்டில் இப்போது கிழமைக்கு மூன்று நாள் அவித்த பயறு, கௌபி அல்லது கடலை, தேங்காய்ப்பூவும் கொச்சிக்காய்ச் சம்பலும் போட்டு. பதினொரு மணிவரை பசிக்காது. பாணை முழுவதும் நிறுத்தவில்லை. இரண்டு துண்டும் முட்டையும் பருப்பும் என்று குறைத்தோம். கொத்துரொட்டி மாதத்துக்கு ஒரு தரம், ஒரு பார்சலை இரண்டு பேர் பங்கிட்டு.

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முன்னால் முடிக்கப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு படுப்பது நல்லதல்ல. பசித்தால் ஒரு பிடி கச்சான், அல்லது சீனியும் பாணியும் சேர்க்காத எருமைத்தயிர் கொஞ்சம்.

படி 6: நடை, அப்புறம் தசை

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். பேசமுடியும், ஆனால் பாட்டுப் பாடமுடியாது என்ற வேகத்தில் நடக்கவேண்டும். 2013இல் புதிய பாலம் திறந்தபிறகு, 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் காலையும் மாலையும் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாவிக் காற்றில் நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் பக்கம் என்றால் கடற்கரை இருக்கிறது. மணலில் நடப்பது களைப்புக் கூட, அதனால் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

தனியாக ரோட்டில் நடக்கப் பல பெண்களுக்கு வசதியில்லை. நாய்த்தொல்லை, இருட்டு, ஊர்ப்பேச்சு எல்லாம் இருக்கிறது. நான் மச்சாளையும் பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துக்கொண்டேன். மூன்று பேர் சேர்ந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஒருத்திக்குப் பஞ்சி வந்தாலும் மற்றவள் வந்து வாசலில் கூப்பிடுவாள். காத்தான்குடியில் இருக்கும் என் தோழி வெளியில் நடப்பதில்லை. வீட்டு மொட்டைமாடியில் மகளோடு அரைமணி நேரம் நடக்கிறாள். அதுவும் நடைதான்.

கார்த்திகை, மார்கழி மழையில் வெளியே கால் வைக்க முடியாது. அந்த நாட்களில் விறாந்தையில் நடக்கலாம். அதைவிட முக்கியமாக, சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். கால் தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாயை விரிப்பதற்கு முன்னால் இந்தப் பத்து நிமிடத்தை வையுங்கள்.

நடை மட்டும் போதாது. உடம்பில் சீனியை அதிகம் வாங்கிக்கொள்ளும் இடம் தசை என்பதால் அதை வளர்க்கவேண்டும். கிழமைக்கு இரண்டு நாள், கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்புவது பத்துத் தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்துத் தடவை, தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கி இறக்குவது பத்துத் தடவை. ஓய்வெடுத்து இதையே மூன்று சுற்று. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, முழங்கால் வருத்தம் இருப்பவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படி 7: தூக்கம், வெற்றிலை, புகை

ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்குபவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இரவு பன்னிரண்டு வரை போன் பார்ப்பதை நிறுத்துங்கள். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். புகைப்பது நீரிழிவு வரும் வாய்ப்பைக் கூட்டும். வெற்றிலையோடு போடும் பாக்கு வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். சீனி கூடுவதோடும் வயிற்றுக் கொழுப்போடும் அதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

படி 8: விசேசங்களும் விருந்தாளியும்

வைகாசிச் சடங்குக்குப் பொங்கல் கிடைக்கும். பெருநாளைக்குக் காத்தான்குடியிலிருந்து மஸ்கட்டும் வட்டிலப்பமும் வரும். இவற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் தேவையில்லை. வெறுவயிற்றில் சாப்பிடாமல், சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு. அந்த நேரம் சோற்றை அரைக் கப்பாக்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தை அன்றைக்கே அயலுக்குக் கொடுத்துவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் சாப்பிடுவீர்கள்.

நோன்பு காலத்தில் என் தோழி செய்வது இது. பேரீச்சம்பழம் ஒன்று அல்லது இரண்டோடும் தண்ணீரோடும் திறப்பாள். சர்பத் இல்லை. கஞ்சி ஒரு கிண்ணம், சமோசா ஒன்று, தொழுதபிறகு சாப்பாடு. சஹருக்கு முட்டையும் பயறும் கட்டாயம். விரதம் பிடிக்கும் நமக்கும் இது பொருந்தும். பகலெல்லாம் பட்டினி கிடந்து, மாலையில் வடை பாயசத்தோடு இரண்டு மடங்கு சாப்பிடுவதில்தான் கெடுதல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தவருக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுக்காவிட்டால் குறை என்று நினைத்தேன். இப்போது சீனியைத் தனியாக வைக்கிறேன். பாதிப்பேர் தொடுவதேயில்லை.

கைமருந்து பற்றி

குறிஞ்சா, பாகற்காய், கோவை இலை, வெந்தயம் எல்லாம் கறியாகவும் சுண்டலாகவும் நல்லவை, சாப்பிடுங்கள். ஆனால் பவுடராகவும் கசாயமாகவும் "பதினைந்து நாளில் சீனி இல்லை" என்று விற்பதை வாங்காதீர்கள். அதை நம்பிச் சோற்றையும் நடையையும் விட்டவர்கள்தான் ஏமாறுகிறார்கள். மாத்திரை வேண்டுமா என்பதை டொக்டர் தீர்மானிப்பார். உடல் மிகப் பருத்தவர்கள், கர்ப்பகாலச் சீனி வந்தவர்கள் போன்றோருக்கு இந்தக் கட்டத்திலேயே மெற்போமின் கொடுப்பதுண்டு. கொடுத்தால் அது உங்கள் தோல்வி இல்லை, எடுங்கள். வேறு வருத்தத்துக்கு ஸ்டீரொய்ட் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லவேண்டும், அது சீனியை ஏற்றும்.

படி 9: மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள்

எச்பிஏ1சி மாறுவதற்கு அவ்வளவு காலம் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மருந்துக்கடையில் விரலில் குத்திப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இடுப்பளவை மாதத்துக்கு ஒருதரம் எழுதுங்கள். பெரும்பாலும் தராசுக்கு முன்னால் சாரமும் சட்டையும் தளரும்.

எண் 5.7க்குக் கீழே வந்துவிட்டால் பின்னுக்குத் தள்ளியாயிற்று என்று சொல்லலாம். ஆனால் உடம்பின் அந்த வாகு போகாது. பழைய சட்டிக்குத் திரும்பினால் எண்ணும் திரும்பும். எங்களுக்கே அது நடந்தது. இரண்டாம் வருடம் வீட்டில் ஒரு கல்யாணம், அதைத் தொடர்ந்து விருந்துகள், மழைக்காலம், நடை நின்றது. கணவருக்கு 5.9. மறுபடி கப்பை எடுத்துச் சோற்றை அளக்கத் தொடங்கினோம், மூன்று மாதத்தில் இறங்கியது. எனக்கு 5.7இலேயே நிற்கிறது, இன்னும் கீழே வரவில்லை. அதற்காக நான் விடவும் இல்லை. குறையாவிட்டாலும் ஏறாமல் பிடித்து வைத்திருப்பது பெரிய காரியம் என்று கிளினிக் டொக்டர் சொன்னார்.

சாதாரணத்துக்கு வந்தபிறகும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். துண்டுகளையெல்லாம் ஒரே பைலில் திகதி வரிசையில் வையுங்கள், டொக்டருக்கு அதுதான் உதவும். நாங்கள் தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமையைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம். இந்தமுறை எங்கள் இருவரோடும் கணவரின் தம்பியும் வருகிறார். நாற்பது வயது, இதுவரை ஒருதடவையும் பார்த்ததில்லை.